தண்ணியைப் பார்த்த ஆபீஸ்

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

போன்ல நான் கத்தறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது, உங்க காதுக்கு மட்டும் எட்ட மாட்டேங்குது. போன தடவை நான் 'நூலகம்'னு சொன்னேன், நீங்க 'எந்தக் கலர் நூல்?'னு கேட்டீங்க. அதனால கடுதாசி.

விஷயம் இதுதான். நம்ம கப்பல் ஆபீஸை இடிக்கலை! கப்பல் கட்டற வேலை நின்னதிலிருந்து புறாவும் உப்புக்காத்தும் குடியிருந்த கட்டடத்தை மாநகராட்சி வாங்கிட்டாங்க. நூலகம் வரப்போகுது. வருஷக்கணக்கா மனு எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே அங்கே எல்லாருக்கும் தலைவலி வர்ற அளவுக்கு எழுதினேன். வீண் போகலை.

நேத்து சாவி வாங்கிட்டு உள்ளே போனேன். நாலு மாடியும் ஏறினேன். என் முழங்கால் ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நியாயம் கேட்டுச்சு. மேல்மாடிக் கூடத்துல நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை மழைக்கும் கூரை ஒரு சொட்டு ஒழுகலை அண்ணி. பக்கத்துல நேத்து கட்டின ஓட்டல்ல பக்கெட் வெச்சிருக்காங்க.

தலைவாசல்ல வெண்கலப் பலகை ஒண்ணு வைக்கப் போறாங்க. கட்டடத்தோட வரலாறு. எழுதித் தரச் சொல்லி என்னையே கேட்டிருக்காங்க. ஆயுசு முழுக்கக் கோடு போட்டவ கையில இப்ப எழுத்து. எழுதினதைக் கீழே காப்பி பண்ணியிருக்கேன். படிச்சுட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

"இது கப்பல் கட்டியவர்கள் கட்டிய வீடு. ஆர்டர் ஒன்றுமே வராத ஒரு வருடம், ஆட்களை வீட்டுக்கு அனுப்ப மனம் வராத முதல் முதலாளி, 'எனக்கு ஓர் அலுவலகம் கட்டித் தாருங்கள்' என்று தம் கப்பல் தச்சர்களிடம் சொன்னார். வீடு கட்டிப் பழகாத அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையே கட்டினார்கள். அதனால்தான் இதன் கூரை கவிழ்த்து வைத்த கப்பல். படிகள் கப்பல் ஏணி. அறைதோறும் தண்ணீர் தாண்ட முடியாத நிலைப்படி. அதனால்தான் இதன் தலைவாசல் தெருவைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கிறது. மேல்மாடிக் கூடத்தின் கறுப்புத் தரையில் கப்பல்கள் பகுதி பகுதியாக, முழு அளவில் வரையப்பட்டன. மண்டியிட்டு அவற்றை வரைந்தவர்கள் பெண்கள். அதற்காக அவர்கள் பேன்ட் அணிந்தார்கள். அன்று இந்தத் துறைமுகத்தில் அது பெரிய பேச்சு. தலைமை வடிவமைப்பாளரின் கீழ் இங்கே உருவான கப்பல்கள் எல்லாக் கடல்களிலும் ஓடின."

எப்படி?

உங்கள்,
பென்சில்


பிப்ரவரி 17

அம்மா பென்சிலு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மகன் வாங்கிக் குடுத்த காது மெஷின் அலமாரியில சௌக்கியமா இருக்கு. மருமக நல்லாத்தான் பார்த்துக்கறா, உப்புதான் கையில வரமாட்டேங்குது.

நீ எழுதினதைப் படிச்சேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தரம் படிச்சேன். எங்கே உங்க அண்ணன்?

'தலைமை வடிவமைப்பாளரின் கீழ்.' யாரம்மா அது? பேர் வைக்காத பிள்ளையா? கூரைக்கு ஒரு வரி, படிக்கட்டுக்கு ஒரு வரி, நிலைப்படிக்குக்கூட ஒரு வரி. கூடப்பிறந்தவருக்குக் கால் வரி. நிலைப்படியை விடக் கீழே போயிட்டாரா அவர்?

நான் அவரோட குடும்பம் நடத்தினேன்டி. சாப்பிட உக்காந்தா தட்டு ஓரத்துல விரலால வளைவு போட்டுப் பார்ப்பார். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் ஜன்னல் வழியா ஆத்துல போற படகைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். எங்கப்பா 'மாப்பிள்ளைக்கு மாலைக்கண்ணா, இல்லை மாறுகண்ணா'ன்னு கேட்டுட்டார். ஊருக்கு ஊர் கேப்டன்மார் அவருக்கு எழுதுவாங்க, 'உங்க கப்பல் புயல்ல தொட்டில் மாதிரி ஆடிட்டு நேரா நின்னுடுச்சு'ன்னு. போய்ச் சேர்ந்த அந்த மனுஷன் பேர் அந்த வாசல்ல இல்லைன்னா, வேற யார் பேர் இருக்கப் போகுது?

அவர் பேரைப் பெருசாப் போடு. நீ போடலைன்னா எழுத வேண்டிய இடத்துக்கு நானே எழுதிக்கறேன். எனக்கும் பேனா பிடிக்கத் தெரியும்.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணிக்கு,

நீங்க அவருக்குப் பொண்டாட்டி ஆனது அப்புறம். நான் பிறந்த அன்னிக்கே தங்கச்சி. அவர் அருமை எனக்குத் தெரியாதுங்கற மாதிரி எழுதாதீங்க.

அந்தக் கூடத்துக்குள்ளே நாங்க எப்படி வந்தோம்னு உங்களுக்குத் தெரியும், ஆனா உள்ளே நடந்ததை நீங்க பார்த்ததில்லை. அதனால சொல்றேன். எதிர்க்கரைக் கம்பெனிக்காரன் கூடச் சம்பளம் காட்டினதும் கோடு போடற ஆம்பளைங்க மொத்தமாக் கிளம்பிப் போயிட்டாங்க. கையில பயணிகள் கப்பல் ஆர்டர். அண்ணன்தான் மேனேஜர் ரூமுக்குப் போய் 'பொம்பளைங்களை எடுக்கலாம்'னு சொன்னார். நான் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கேன், கதவு திறந்திருக்கு.

"தரையில மண்டி போட்டுத் தவழற வேலைய்யா. துணி தடுக்கும்"னார் மேனேஜர்.

"அப்ப துணியை மாத்துவோம்"னார் அண்ணன். "பொம்பளைங்களை ஏன் மாத்தணும்?"

ஆறு பேரை எடுத்தாங்க. மெல்லிசான நீள ரீப்பர்க் கட்டையை வளைச்சு, ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு நிறுத்தி, அது ஓரமாக் கோடு இழுப்போம். கப்பலோட வயிறு எங்கே உப்பணும், எங்கே ஒடுங்கணும்னு அந்தக் கோடுதான் சொல்லும். கீழே இரும்புத் தகடு வெட்டறவன் எங்க கோட்டை நம்பித்தான் வெட்டுவான். அண்ணன் செருப்பைக் கழட்டிட்டு வந்து, எங்ககூடத் தரையில குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிட்டுக் கோட்டோட ஓட்டத்தைப் பார்ப்பார். "எப்படியிருக்கு?"ன்னு எங்களைக் கேப்பார். "இடுப்புல இடிக்குது சார்"னு யாராவது சொன்னா, "எனக்கும் இடிக்குது, பிடுங்கு ஆணியை"ன்னு சொல்லுவார். தலைமை வடிவமைப்பாளர் வயித்துல சாக்பீஸ் தூளோட எழுந்திருப்பார்.

அந்தக் கப்பலைத் தண்ணியில இறக்கின அன்னிக்கு நாங்க மாடி ஜன்னல்ல தொங்கிட்டிருந்தோம். சரிவுல வழுக்கிப் போய்த் தண்ணியில உக்காந்து, ஒரு பக்கமும் சாயாம நிமிர்ந்து நின்னுது அண்ணி. கீழேயிருந்து எல்லாரும் கை தட்டறாங்க. அண்ணன் கூட்டத்தைப் பார்க்கலை. திரும்பி மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அவர் வாயில 'என் கப்பல்'னு ஒரு நாளும் வந்ததில்லை. அவர் பேரைப் போடறதுன்னா எங்க ஆறு பேர் பேரையும் போடணும். அதுக்குப் பலகையில இடம் இல்லைன்னுதான் யார் பேரும் போடலை.

பென்சில்


மார்ச் 14

நீ எழுதினது எல்லாம் சரி. அது இருக்கட்டும், இன்னொண்ணு கேக்கறேன்.

'அதற்காக அவர்கள் பேன்ட் அணிந்தார்கள்.'

அந்தப் பேன்ட் எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்து மடிச்சு விழுந்துதா?

அவரோட பழைய பேன்ட்டைப் பிரிச்சுப் போட்டு அளவு எடுத்தது யாரு? பொம்பளைக்கு இடுப்பு வேறன்னு திருப்பி வெட்டினது யாரு? முழங்கால் தேயும்னு ரெட்டைத் துணி வெச்சு, சாக்பீஸுக்குத் தனிப் பாக்கெட் வெச்சுத் தைச்சது யாரு? ஊர்ல ஒரு தையல்காரனும் தைக்க மாட்டேன்னுட்டான். 'குடும்பப் பொண்ணுங்களுக்கு இதையெல்லாம் தைச்சுக் குடுக்கிறியே'ன்னு என் மாமியார், உன்னைப் பெத்த மகராசி, ஒரு மாசம் என்கூடப் பேசலை.

நிலைப்படியையெல்லாம் எழுதினியே. எனக்கு ஒரு கமாவாவது குடுத்தியா?

எழுத வேண்டிய இடத்துக்கு முன்னாடியே எழுதிட்டேன்.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

படிச்சுட்டு சமையல்கட்டுல அப்படியே நின்னுட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுது.

அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கிட்டு முதல் நாள் தெருவுல நடந்தப்ப, டீக்கடையில இருந்தவங்க எல்லாம் டம்ளரைக் கீழே வெச்சுட்டுப் பார்த்தாங்க. ஆனா துணி ஒரு இடத்துல இழுக்கலை, ஒரு இடத்துல தொங்கலை. அதனாலேயே நிமிர்ந்து நடந்தோம். இதைச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க. வீட்டு ஆளுங்கன்னா காத்து மாதிரி ஆயிடறாங்க. அம்மா பேசாத அந்த மாசத்தை 'எனக்குக் கிடைச்ச லீவு'ன்னு நீங்க சொன்னதுகூட ஞாபகம் இருக்கு. இதை மறந்திருக்கேன்.

புதுசா எழுதிட்டேன். முதல் முதலாளி, தச்சர்கள், அண்ணன் பேர், எங்க ஆறு பேர் பேர், தையல் உங்க பேர். பெரிய புயல் அன்னிக்குத் துறைமுகக் குடும்பங்கள் எல்லாம் நம்ம ஆபீஸ் மாடியில இருந்ததையும் சேர்த்தேன். தெருவெல்லாம் முழங்காலளவு தண்ணி, நிலைப்படியைத் தாண்டி ஒரு சொட்டு வரலை. நீங்க கோவிச்சுக்கிட்ட அதே நிலைப்படிதான்.

பலகையைப் பெருசாக்கச் சொல்லிக் கேட்டு மாநகராட்சிக்கு அனுப்பிட்டேன். சந்தோஷம்தானே?

பென்சில்


மே 9

அண்ணிக்கு,

பலகை தயாராயிடுச்சு. என்ன எழுதியிருக்குன்னு சொல்றேன். முதல் முதலாளி பேர். 'தலைசிறந்த வடிவமைப்பாளர்'னு அண்ணன் பேர். அதுக்குக் கீழே, ரெண்டையும் விடப் பெருசா, திறந்து வைக்கிற மேயர் பேர். அவ்வளவுதான். தச்சர் இல்லை, புயல் இல்லை, நாங்க இல்லை, நீங்களும் இல்லை.

போய்க் கேட்டேன். அந்த அதிகாரி ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டறார். "வடிவமைப்பாளர் பேரைத்தான் பெரிசாப் போடணும்னு குடும்பத்துலேருந்தே கடிதம் வந்திருக்கே அம்மா. நீங்க எழுதினது ரொம்ப நீளம். குடும்பம் கேட்டபடி சுருக்கிட்டோம்."

உங்க கையெழுத்து. எழுத வேண்டிய இடம் அதுதானா அண்ணி?

சிறப்பு விருந்தினர் நீங்கதானாம். அழைப்பு வரும். போய் நல்லா உக்காந்துட்டு வாங்க. நான் வரலை.

பென்சில்


மே 18

பென்சிலு,

நான் எழுதினது நிஜம். கோபத்துல எழுதினேன். உன் ரெண்டாவது கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே தபால்ல போட்டுட்டேன். ஆனா அவர் பேரைச் சேருங்கன்னுதான் எழுதினேன். யாரையும் எடுங்கன்னு ஒரு வார்த்தை எழுதலை. நீ நம்பினா நம்பு.

மாநகராட்சிக்கு மறுபடி எழுதினேன். 'வெண்கலத்தில் வார்த்தாகிவிட்டது, மாற்ற இயலாது'ன்னு பதில் வந்துடுச்சு.

நான் போகத்தான் போறேன். அவர் பேரை அந்த வாசல்ல ஒரு தரம் பார்க்கணும். மகன் கூட்டிட்டுப் போறேன்னிருக்கான். நீயும் வா. என் பக்கத்துல உக்காரு. சண்டையை அங்கேயே வெச்சுக்கலாம்.

அண்ணி


மே 24

அண்ணிக்கு,

வரமாட்டேன். அந்தக் கட்டடத்துக்குள்ளே விருந்தாளியா நுழைய எனக்குத் தெரியாது.

பென்சில்


ஜூன் 13

அடி பென்சிலு,

விழா முடிஞ்சதும் உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன். பூட்டு தொங்குது. மகன் ரயிலுக்கு நேரமாச்சுன்னு பறக்கறான். அதனால உக்காந்து எழுதறேன், பொறுமையாப் படி.

தலைவாசலுக்கு முன்னாடி, தண்ணி ஓரத்துல நாற்காலி போட்டிருந்தாங்க. அன்னிக்குக் காது மெஷினை மாட்டிட்டுப் போனேன். மேயர் பேசினது அத்தனையும் கேட்டுச்சு. மாட்டாமலே போயிருக்கலாம். கட்டடத்தைப் பத்திப் பேசுவார்னு பார்த்தா, மாநகராட்சி போட்ட கார் பார்க்கிங்கைப் பத்தியே பேசறார்.

அப்புறம் கயிறை இழுத்தார். நீலத் திரை விலகிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

பொய் சொல்ல மாட்டேன், அவர் பேரை வெண்கலத்துல பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைஞ்சுடுச்சு. அழுதேன். மகனும் அழுதான். வெயில் பட்டு அந்த எழுத்து மின்னுது. இதுக்குத்தானே ஆசைப்பட்டேன்னு கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். தடவிக்கிட்டே இருக்கறப்பத்தான் மனசுல என்னவோ இடிச்சுது. மேலே முதலாளி, கீழே மேயர், நடுவுல அவர் தனியா நிக்கறார். அவருக்குத் தனியா நிக்கத் தெரியாதேடி. கடைக்குப் போனாக்கூட நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போற மனுஷன்.

"அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க"ன்னு மைக்கைக் குடுத்தாங்க. மைக்கை மகன் கையில குடுத்துட்டு, கயிறைப் பிடிச்சு இழுத்துத் திரையைத் திரும்ப மூடிட்டேன்.

மேயர் குனிஞ்சு, "அம்மா, இப்பத்தானே திறந்தோம்?"னார்.

"தெரியும். அவசரப்பட்டுத் திறந்துட்டீங்க"ன்னேன்.

அதிகாரி ஓடி வந்து, "குடும்பம் கேட்டபடிதானே..."ன்னு இழுத்தார்.

"அந்தக் குடும்பம் நான்தான் தம்பி. ஒருத்தரைச் சேருங்கன்னு கேட்டேன். நீங்க ஒரு ஊரையே எடுத்துட்டீங்க. இந்தக் கூரையைப் போட்ட தச்சன் இதுல இல்லை. எந்தக் கோட்டை நம்பித் தகடு வெட்டினாங்களோ, அந்தக் கோட்டைப் போட்டவ இதுல இல்லை. அவங்களுக்குப் பேன்ட் தைச்ச நானும் இல்லை, அதை நானே சொல்லிக்கறேன், வெக்கமில்லாம. அவங்க யாரும் இல்லாத இடத்துல என் வீட்டுக்காரர் பேர் இருக்க வேண்டாம். துணைக்கு ஆள் வர்ற வரைக்கும் அவர் திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்."

மகன் மைக்கை என் வாய்க்கிட்டயே பிடிச்சுக்கிட்டிருந்திருக்கான். நான் கவனிக்கலை. அத்தனையும் ஊருக்கே கேட்டிருக்கு.

அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "மாடிக்கூடத்துல கோடு போட்டவங்க யாராவது வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டேன். உன்னைத்தான் தேடினேன். கடைசி வரிசைக்கும் பின்னால, நாற்காலி கிடைக்காத இடத்துல, கைத்தடி வெச்சிருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினாங்க. உங்க கூட்டத்துல சத்தமாச் சிரிப்பாளே, அவதான். அடையாளமே தெரியலை. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ஒருத்தி, மக கையைப் பிடிச்சுக்கிட்டு. அழைப்பு ஒண்ணும் வரலையாம். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்திருக்காங்க. வந்தவங்க, நீ போக மீதி ரெண்டு பேர் இருக்காங்களா, போயிட்டாங்களான்னுகூட எனக்குத் தெரியலை.

முன் வரிசையில இருந்த ஒரு பெரிய மனுஷன் எழுந்து இடம் குடுத்தார். உடனே மொத்த வரிசையும் எழுந்துடுச்சு. கை தட்டறாங்க, தட்டறாங்க, நிக்கவே இல்லை. மேயர் அரசியல்வாதியாச்சே. கைதட்டல் எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்து, அந்தப் பக்கம் போய் நின்னு எல்லாரையும் விட வேகமாத் தட்டினார். "புதுப் பலகை வார்ப்போம், எல்லார் பேரும் இருக்கும்"னு அவர் வாயாலேயே மைக்ல சொன்னார். கார் பார்க்கிங்கைச் சொன்னதை விட நல்லாச் சொன்னார்.

எனக்கு அன்னிக்கு இருந்த கர்வம், கல்யாணத்தன்னிக்குக்கூட இருந்ததில்லை. திரும்பி வர்றப்ப ரயில்ல மகன் கேக்கறான், "நீ பேன்ட் தைச்சதை எங்ககிட்ட ஏம்மா சொன்னதே இல்லை?"

யாரும் கேக்கலைடா, அதான்னேன்.

இப்பவாவது பேசுவியா?

அண்ணி


செப்டம்பர் 2

அண்ணிக்கு,

வீட்டுல இருந்தா காது அந்தப் பக்கமே போகும்னு, விழா அன்னிக்குப் படகு பிடிச்சு எதிர்க்கரைக்குப் போயிட்டேன். அந்தத் தச்சர்கள் வாசலைத் தண்ணிப் பக்கம் வெச்சு என்னை மாட்டி விட்டுட்டாங்க. எங்கே உக்காந்தாலும் தலைவாசல்தான் தெரியுது. நீலத் திரை விலகினதைப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கிட்டேன். மறுபடி பார்த்தா திரை மூடியிருக்கு! காத்துல வந்துடுச்சோன்னு நினைச்சேன். அந்தக் காத்து எங்க அண்ணிதான்னு உங்க கடுதாசி வந்தப்பத்தான் தெரிஞ்சது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதுக்குக் காரணம், எப்ப உக்காந்தாலும் ரெண்டாவது வரியில கண்ணு மறைக்குது.

புதுப் பலகை போன வாரம் மாட்டிட்டாங்க. நான் எழுதினதுல ஒரு வார்த்தை குறையலை. எங்க ஆறு பேர்ல இப்ப நாலு பேர் இருக்கோம். நாலு பேரும் கை கோத்துக்கிட்டுப் போய் முன்னால நின்னோம். சிரிக்கிறவ தன் பேரை மூணு தரம் சத்தமா வாசிச்சா. உங்க பேருக்குப் பக்கத்துல 'தையல்'னு இருக்கு. அண்ணன் பேர் எங்க பேரோட ஒரே அளவு எழுத்துல இருக்கு. கோவிச்சுக்காதீங்க, அளவை நான்தான் சொன்னேன்.

இன்னிக்குக் காலையில தனியாப் போனேன். நூலகத்துல நல்ல கூட்டம். கூடத்துத் தரையை அப்படியே விட்டிருக்காங்க, எங்க கோடெல்லாம் மேஜைக்கு அடியில ஓடுது. அங்கே போகலாம்னு படிக்கட்டுல காலை வெச்சேன். புதுக் காவலாளி, சின்ன வயசு, மரியாதையா ஓடி வந்து கேட்டான்.

"அம்மா, உறுப்பினர் அட்டை இருக்கா?"

"இல்லைப்பா. நான் இங்கே வேலை பார்த்தவ."

"அப்படியா? எந்த செக்‌ஷன்லம்மா?"

"கப்பல்."

"கப்பல் புத்தகமெல்லாம் ரெண்டாவது மாடியிலம்மா. நீங்க மேலே ஏறிச் சிரமப்பட வேண்டாம்"னான் பாவம்.

"நான் இருந்தப்ப நாலு மாடியும் அதுதான் தம்பி"ன்னு சொல்லிட்டு ஏறிப் போனேன்.

உங்கள்,
பென்சில்